கனவிலாவது சும்மா விடுங்கள்

"வாசிக்க நேரமே இல்லன்னு பொலம்புறியே, இதப் பாரு" என்று நண்பன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பன்னிரண்டு நிமிடம். நல்ல வெளிச்சத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு ஒரு பையன் பேசுகிறான். வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தூங்கியே வீணாக்குகிறோமாம். அந்த நேரத்தையும் நம் வளர்ச்சிக்குப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறதாம். லூசிட் ட்ரீமிங். கனவு கண்டுகொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துகொண்டு, அந்தக் கனவை நம் இஷ்டத்துக்கு நடத்துவது. அதற்குள் கிட்டார் பழகலாம், மேடைப்பேச்சு பழகலாம், இன்டர்வியூவுக்குத் தயாராகலாம். கனவு என்பது வாடகை இல்லாத ப்ராக்டிஸ் ரூம் என்று முடிக்கிறான்.

இதை நான் பார்த்தது ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், விடியற்காலை 4:40-க்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு பேர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூக்கத்தை வீணாக்குகிறவர்கள் என்று அந்தப் பையன் சொன்னது இவர்களைத்தான் போல.

எனக்கு அந்த வீடியோ மேல் வந்த கோபம் கொஞ்சம் தனிப்பட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதிலிருந்து ஆறு வருஷம் தவில் கற்றவன் நான். பெரிய பரம்பரை எல்லாம் இல்லை. எங்கள் தெருவில் ஒரு வாத்தியார் இருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் வந்தால் பெரியபாளையம் பக்கத்துக் கோயில்கள் என்று வாசிப்பவர். ஐடிஐ முடித்து வேலைக்குப் போன பிறகு தவில் பரண் மேல் ஏறியது. விரல்களில் மாட்டும் கூடு, இடது கைக் கழி, எல்லாம் ஒரு துணிப்பையில். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். காலை ஷிப்டுக்கு மூன்றரை மணிக்கு எழ வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் வெயிலில், தகரக் கூரையின் கீழ், பகலில் தூக்கம். வேலை எட்டு மணி நேரம் என்பது காகிதத்தில். பஸ் போக வர இரண்டரை மணி நேரம், காத்திருப்பது தனி. ஆள் வரவில்லை என்றால் "தம்பி, இன்னைக்கு மட்டும்" என்று இன்னொரு ஷிப்டின் பாதி. இதில் தவிலுக்கு எங்கே இடம்? ஆகவே நண்பன் அனுப்பியது கேலிக்காக அல்ல, அக்கறையில்தான். நானும் அதை நம்பி மூன்று வாரம் முயன்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

லூசிட் ட்ரீம் என்பது புருடா இல்லை. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹியர்ன் என்பவர் அதைப் பதிவு செய்தார். கனவு காணும்போது உடல் அசையாது, ஆனால் கண்விழிகள் அசையும். ஆகவே ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம், கனவுக்குள் விழிப்பு வந்ததும் கண்ணை இடமும் வலமுமாக முன்பே பேசிவைத்தபடி அசைக்கச் சொன்னார். அவர் தூங்கிக்கொண்டே அசைத்தார், கருவி பதிவு செய்தது. சில ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தன் வழியில் இதையே நிரூபித்தார். 2021-இல் வெளியான ஒரு ஆய்வில், கனவில் இருந்த ஒருவரிடம் எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று கேட்க, கண்ணசைவால் இரண்டு என்று பதில் வந்தது. அழகான விஷயம். இதில் எனக்குச் சண்டை இல்லை.

பயிற்சி விஷயத்துக்கு வருவோம். வீடியோக்காரர்கள் எல்லோரும் காட்டும் ஆய்வு ஒன்று இருக்கிறது. டேனியல் எர்லாகர், மைக்கேல் ஷ்ரெடல் இருவரும் 2010-இல் வெளியிட்டது. சில்லறைக் காசை ஒரு கோப்பைக்குள் எறிய வேண்டும், இருபது முறை. இதைக் கனவில் பழகிப் பார்க்கச் சொன்னார்கள். பழகியவர்களின் சராசரி 3.7-இலிருந்து 5.3-க்கு ஏறியது. வீடியோவில் இது வருகிறது. வராதது என்ன தெரியுமா? கனவில் பழக முயன்றவர்கள் 20 பேர். அவர்களில் அப்படி ஒரு கனவைக் கண்டவர்கள் 7 பேர்தான். மீதி 13 பேருக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை. எல்லோரையும்விட அதிகம் தேறியவர்கள் விழித்துக்கொண்டு, நிஜக் காசை எடுத்து, நிஜக் கோப்பையில் எறிந்து பழகினவர்கள். இதுவும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

2016-இல் இன்னொரு ஆய்வு வந்தது, விரல்களை ஒரு வரிசையில் தட்டிப் பழகுவது பற்றி. அதில் கனவில் பழகியவர்கள் 20 சதவீதமும், உடலால் பழகியவர்கள் 17 சதவீதமும், மனதுக்குள் ஓட்டிப் பார்த்தவர்கள் 12 சதவீதமும் தேறினார்கள். மூன்று குழுவுக்கும் நடுவே புள்ளியியல் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. "பாத்தியா, கனவுதான் ஜெயிக்குது" என்று நண்பன் துள்ளினான். இருக்கட்டும். ஐந்து விரல் தட்டுவதில் ஜெயிக்கட்டும். இசைக்கலைஞர்கள் சிலரைப் பேட்டி எடுத்து 2018-இலும் ஒரு சிறு ஆய்வு வந்தது. கனவில் வாசித்தது ஆனந்தமாக இருந்தது, தன்னம்பிக்கை வந்தது என்றார்கள். அதையும் நம்புகிறேன்.

ஆனால் தவில் என்பது விரல் தட்டுவது மட்டும் இல்லை. தோளில் தொங்கும் அந்தப் பலா மரக்கட்டையின் கனம் இருக்கிறது. மழைக்காலத்தில் தோல் தொய்ந்துபோய் வலந்தலை வேறு மாதிரி பேசும், அப்போது கை வேறு மாதிரி போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தப்பு என்பது வெளியிலிருந்து வர வேண்டும். நான் ஒரு தீர்மானத்தைத் தவறாக முடித்தால் வாத்தியார் வெற்றிலையை மென்றுகொண்டே "ம்ஹும்" என்பார். அவ்வளவுதான். அந்த "ம்ஹும்" எங்கே விழுகிறது என்பதில்தான் என் ஆறு வருஷப் படிப்பும் இருக்கிறது. கனவில் அடிப்பதும் நான், ஒலிப்பதும் நான், கேட்பதும் நான். எனக்குத் தெரியாத தப்பை எனக்கு யார் சொல்வது?

உடலில்லாமல் பழகுவது நமக்குப் புதிசும் இல்லை. கொன்னக்கோல் என்பதே அதுதானே. "வாயில வராதது கையில வராது தம்பி" என்று வாத்தியார் முதல் ஆறு மாதம் தவிலையே தொட விடவில்லை. தகிட தகதிமி, தகிட தகதிமி என்று ஏழைத் தொடையில் தட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். கச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், விரல் மட்டும் முழங்காலில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அது தினம் மூன்று நான்கு மணி நேரம் தோலைத் தொட்டுப் பழகிய ஒரு மனிதன் அதற்கு மேலே செய்தது. சோறு சாப்பிட்டவன் பாக்கு போடுவது மாதிரி. சோற்றுக்குப் பதிலாகப் பாக்கைக் கொடுத்தால்?

சரி, பலன் கொஞ்சம் என்றே வைத்துக்கொள்வோம், கொஞ்சமாவது கிடைக்கிறதே, முயன்றால் என்ன நஷ்டம்? நஷ்டம் இருக்கிறது. அது தூக்கத்தின் கணக்கில் இருக்கிறது.

லூசிட் ட்ரீம் வருவதற்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் முறை, படுத்து ஐந்து மணி நேரத்தில் அலாரம் வைத்து எழுவது. கொஞ்ச நேரம் விழித்திருந்துவிட்டு, "அடுத்த கனவில் இது கனவு என்று கண்டுபிடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி தூங்க வேண்டும். காரணம், கனவு அடர்த்தியாக வரும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அதாவது ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் உங்களிடம் மிச்சம் இருக்க வேண்டும். பத்து மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழுகிறவனுக்கு அந்தக் கடைசிப் பகுதி ஏற்கனவே இல்லை. அதை நாலே முக்கால் பஸ் எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சும்மா தூங்கினாலே மூளை பயிற்சி செய்கிறது. 2002-இல் மாத்யூ வாக்கரும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு விரல் வரிசையைச் சாயங்காலம் பழகிவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள், அதற்குமேல் எந்தப் பயிற்சியும் இல்லாமல், மறுநாள் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். அதே அளவு நேரம் பகலில் விழித்திருந்தவர்களுக்கு இது நடக்கவில்லை. அந்த முன்னேற்றம் இரவின் கடைசிக் கால்பகுதித் தூக்கத்தோடு ஒட்டிப் போனது, அதுவும் கனவுத் தூக்கம் இல்லை, சாதாரணத் தூக்கம். 2012-இல் இன்னொரு குழு இரண்டு மெட்டுகளைப் பழகச் சொல்லி, பகல் தூக்கத்தின் ஆழத்தில் ஒன்றை மட்டும் மெல்ல ஒலிக்கவிட்டார்கள். எழுந்ததும் அந்த மெட்டைத்தான் சரியாக வாசித்தார்கள். தூங்கியவர்கள் ஒன்றும் செய்யவில்லை. தூங்கினார்கள்.

ஆக, அந்தப் பையன் "வீண்" என்று சொன்ன நேரத்தில்தான் சாயங்காலம் பழகியது கையில் படிகிறது. ஆனால் அதற்குச் சாயங்காலம் என்று ஒன்று வேண்டும், முழு இரவு என்று ஒன்றும் வேண்டும். எங்களுக்கு இரண்டும் இல்லை. இல்லாத இரண்டைக் கேட்பதற்குப் பதிலாக, மிச்சமிருக்கும் ஐந்து மணி நேரத்தின் நடுவில் அலாரம் வைக்கச் சொல்கிறார்கள்.

நான் வைத்தேன். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வாரம் அமுக்குவான் வந்தான். மூளை முழித்துக்கொள்ளும், உடம்பு இன்னும் பூட்டியே இருக்கும், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி. இப்படி நடுவில் எழுந்து தூங்கினால் வரக்கூடியதுதான் என்று பிறகு படித்தேன். அம்மா திருநீறு பூசிவிட்டு, தலைமாட்டில் இரும்பு வைத்தாள். மூன்றாவது வாரம் நைட் ஷிப்ட். விடியற்காலை நாலு மணி இருக்கும். கன்வேயர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைக் காலரை யாரோ வெடுக்கென்று இழுத்ததுதான் தெரியும். கண்ணைத் திறந்தால் என் வலது கை ரோலருக்கு ஒரு சாண் தூரத்தில். "டேய், கை போயிருக்கும்டா" என்றார் பக்கத்து மெஷின் அண்ணன். அவருக்கு என்ன தெரியும், அந்தக் கைக்காகத்தான் நான் அலாரம் வைத்தேன் என்று.

இந்த இடத்தில் "அது உன் தப்பு, லீவு நாளில் செய்திருக்கலாம்" என்று சொல்பவர்கள் இருப்பீர்கள். சரிதான், என் தப்பு. ஆனால் இந்தச் சரக்கு யாரைப் பார்த்து விற்கப்படுகிறது என்று பாருங்கள். நேரம் உள்ளவனுக்குக் கனவில் பழக வேண்டிய அவசியமே இல்லை. அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிட்டாரை எடுப்பான். "உனக்கு நேரமில்லையா?" என்றுதான் எல்லா வீடியோவும் ஆரம்பிக்கிறது. 2023-இல் அமெரிக்காவில் ப்ரொஃபெடிக் என்ற ஸ்டார்ட்டப் தலையில் மாட்டும் பட்டை ஒன்றை அறிவித்தது, மூளைக்கு அல்ட்ராசவுண்ட் அனுப்பி லூசிட் ட்ரீம் வரவழைக்குமாம். உடனே தூக்கத்திலேயே வேலை பார்க்கலாம், கோடிங் எழுதலாம் என்று செய்திகள் ஓடின. கனவு கையில் கிடைத்தால் மனிதன் பறக்க ஆசைப்படுவான் என்று நினைத்திருந்தேன். இவர்கள் ஆபீஸ் போகச் சொல்கிறார்கள்.

ராமானுஜனை இழுப்பீர்கள், தெரியும். நாமகிரித் தாயார் கனவில் வந்து கணிதம் காட்டிய கதை. அவர் அப்படிச் சொன்னதை நானும் மதிக்கிறேன். ஆனால் காகிதம் வாங்கக் காசில்லாமல் ஸ்லேட்டில் போட்டுப் போட்டு முழங்கையால் அழித்த மனிதர் அவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா. அவருக்கு அடுத்து என்ன நடந்தது? 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. குமாஸ்தா வேலையிலிருந்து விடுபட்டு நாள் முழுக்கக் கணிதம் மட்டும் போட முடிந்தது. அவருக்காக அலைந்த பெரியவர்கள் யாரும் "தம்பி, நீ கனவிலேயே பார்த்துக்கொள்" என்று விட்டுவிடவில்லை. பகலை வாங்கிக் கொடுத்தார்கள்.

தவிலும் நாயனமும் அப்படி வளர்ந்தவைதான். கோயில் மானியம் என்ற ஒன்று இருந்தது. அதில் சாதியும் அநியாயமும் எவ்வளவு கலந்திருந்தது என்பது தனிக் கட்டுரை. ஆனால் வாசிப்பவனுக்கு நேரத்தை யாராவது கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு தேதியும் சொல்கிறேன். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். மே தினத்தின் அடிக் கோரிக்கை எல்லோருக்கும் தெரியும். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு. அந்த மே தினத்துக்கு நூறு வருஷம் நிறைய பத்து நாள் இருந்தபோது, 2023 ஏப்ரல் 21 அன்று, நம் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட ஆலைகளுக்கு வழி விடும் திருத்தம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. 24-ஆம் தேதி நிறுத்தி வைத்தார்கள். சரியாக நூறு வருஷம் நிறைந்த மே தினத்தில் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாளும் எங்கள் பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. "வாரத்துக்கு நாலு நாள்தானப்பா, மூணு நாள் லீவு" என்று ஒருவர் சொல்ல, "மூணு நாள் லீவா? மூணு நாள் தூங்கத்தான் முடியும்" என்றார் பின்சீட்டு அக்கா.

அந்த மூன்றாவது எட்டுதான் என் தவில். அது சட்டத்தால் போகவில்லை, பஸ்ஸிலும் ஓவர்டைமிலும் கரைந்து போனது. இப்போது அதை இரண்டாவது எட்டுக்குள் மடித்து வைத்துக்கொள் என்கிறார்கள். பயிற்சி, வளர்ச்சி, ஆசை எல்லாவற்றையும் தூக்கத்துக்குள் அனுப்பிவிட்டால் பகல் முழுக்க யாருக்குச் சொந்தம்? கனவில் பழகிக்கொள்கிறவன் சாயங்காலத்தைக் கேட்க மாட்டான். எனக்கு அந்த வீடியோவில் பயமாக இருப்பது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே, உடலின் இரவுபகல் ஒழுங்கைக் கலைக்கும் ஷிப்ட் வேலையை, புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் சேர்த்தது. அதைப் பற்றிப் பன்னிரண்டு நிமிட வீடியோ எனக்கு யாரும் அனுப்பவில்லை.

எங்கள் ஊரிலிருந்து நாகலாபுரம் போகிற வழியில், ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் சுருட்டப்பள்ளி. அங்கே சிவன் படுத்திருக்கிறார். பெருமாள்தான் பள்ளிகொள்வார், சிவன் எங்கே படுத்தார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆலகாலத்தைக் குடித்துவிட்டு மயக்கமாக வந்ததால் அம்பாள் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டார் என்பது கதை. பிரதோஷத்துக்கு நல்ல கூட்டம் வரும். சின்ன வயதில் அம்மாவோடு போகும்போது எனக்கு அங்கே பிடித்தது ஒன்றுதான். சுற்றிலும் தேவர்களும் ரிஷிகளும் நிற்கிறார்கள். ஒருத்தர்கூட அவரை எழுப்பவில்லை.

மூன்று வாரத்தில் லூசிட் ட்ரீம் வரவே இல்லை என்றா சொன்னேன்? அலாரம் வைத்த நாட்களில் வரவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினபோது வந்தது. தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்ட் பக்கம், கிருஷ்ணா கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். கண்டலேறுவிலிருந்து வரும் தண்ணீர் கரை தொட ஓடுகிறது. மடியில் தவில். வலது கையைப் பார்த்தால் விரலில் கூடு இல்லை. கூடு இல்லாமல் எப்படி வாசிக்கிறேன் என்று யோசித்தேன், உடனே தெரிந்துவிட்டது. இது கனவு. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தப் பையன் சொன்ன வாடகையில்லாத அறை, இதோ. எனக்குப் பல வருஷமாக வசப்படாத ஒரு கோர்வை இருக்கிறது, மிஸ்ரத்தில், கடைசித் தகிடவில் எப்போதும் அரை அட்சரம் முந்திவிடுவேன். அதை இப்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் பழகலாம்.

பழகவில்லை. கழியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரத்தில் யாரோ வாசிக்கும் சத்தம் கேட்டது, வாத்தியார் மாதிரி இருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஷிப்ட். பஸ்ஸில் பின்சீட்டு அக்கா ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸை இருபது நிமிஷம் தாமதமாக எடுத்தாலும் ஷிப்டுக்குப் போய்ச் சேரலாம், இருபது நிமிஷம் கூடத் தூங்கலாம் என்று கம்பெனிக்கு ஒரு மனு. பதினொன்றாவது கையெழுத்து என்னுடையது.